வாசலில் வைத்த பிச்சிக்கொடி

சங்கரன்கோவில்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

முத்துமீனாளின் வணக்கம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். பூக்கொடியைக் கட்ட ஸ்டூலில் ஏறி லேசாகச் சறுக்கினேன். சிராய்ப்பு மட்டும்தான். அதற்காக வேலையை விட்டுக் கோவைக்கு வரச் சொல்லாதீர்கள்.

நான் வார்டனாக வந்தபோது இந்தப் பெண்கள் விடுதியின் வாசல் வெறும் கட்டாந்தரை. செம்மண், மணல், சாண உரம் கலந்து நிரப்பினேன். கான்வென்டில் நாம் கற்றபடி உயரமான செம்பருத்தியைச் சுவரோரமும், குட்டையான டேபிள் ரோஸை நடைபாதையோரமும் வைத்தேன். காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர். வெயிலுக்கு, வேரைச் சுற்றிச் சருகு.

வாசற்படி அருகே பிச்சிக்குக் குழி வெட்டியபோது விடுதி உரிமையாளர் சண்முகையா வந்தார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. வாசல்ல பூக்கொடிய சுமங்கலி கையால வைக்கட்டும். பேச்சித்தாயக் கூப்பிடுதேன்.”

சமையல்காரப் பேச்சித்தாய் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “எனக்கு அடுப்புல வேலை கெடக்கு அண்ணாச்சி. அவுக கை வச்சு எந்தச் செடி பட்டுப்போச்சு?”

“குழி வெட்டின கையே நடட்டும்” என்று சொல்லி, அவர் பார்க்கவே நட்டேன். இப்போது பந்தல் நிறையப் பூ.

பெண்கள் வேலைக்குப் போனபின் பகலில் இங்கே சத்தமே இருப்பதில்லை. கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒரே ஒரு உதவி. என் வீட்டுக்காரர் இறந்தபோது என் தலையிலிருந்து எடுத்து உங்கள் பீரோவில் வைத்தீர்களே, அந்தக் கொண்டை ஊசிகளை அனுப்புங்கள். ஊசி இல்லாமல் பூச்சரம் நழுவி நழுவி விழுகிறது.

முத்துமீனாள்