தேதி போடாத சீட்டு

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நீ சுகமாயிருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வழக்கமாக இந்த இடத்தில் நாங்களும் சுகம் என்று எழுதுவேன், இந்த முறை அந்த வரியை எழுத முடியவில்லை. எழுத்து உன் தங்கையுடையது, சொல் என்னுடையது. போன வாரம் மாடிப்படியில் உன் அப்பாவுக்குக் கால் தடுமாற, தாங்கப்போய் என் வலது மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது. சொன்னதை அப்படியே எழுதுடி, அழகுபடுத்தாதே என்றேன், அதையும் எழுதிவிட்டாள் பார்.

நம் வீட்டு ஸ்தோத்திரப் பாட்டிலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஞாயிறு குடும்ப ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டு, அந்த வாரம் ஆண்டவர் செய்த ஒரு நன்மை, கீழே தேதி, மடித்து உள்ளே போட்டு மூடிவிடுவோம், நீ போனில் சொல்வதை உன் தங்கை எழுதிப் போடுகிறாள். வருஷக் கடைசி ஆராதனைக்குப் போய்வந்து சாப்பாட்டு மேஜையில் கொட்டி வாசிக்கும்வரை யாரும் திறக்கக் கூடாது. நீ சின்னவனாக இருந்தபோது, கணக்கு வாத்தியாருக்குக் காய்ச்சல், ஸ்தோத்திரம் என்று எழுதியதை வாசித்து உன் அப்பா நாற்காலியோடு பின்னால் விழுந்தாரே, அந்த வருஷத்திலிருந்து எல்லாச் சீட்டையும் வருஷவாரியாக உறையில் போட்டு வேதாகமம் இருக்கும் அலமாரியில் வைத்திருக்கிறேன். இந்த வருஷம் ஆகஸ்டிலேயே பாட்டிலை மூட முடியவில்லை. நாலு பேர், முப்பத்திரண்டு வாரம், நூற்றிருபத்தெட்டுச் சீட்டுக்கு மேல இருக்க வழியில்லையே அம்மா, முக்கால்கூட நிரம்பக் கூடாதே என்றாள் உன் தங்கை. போடி புத்தகப்புழு, உனக்கு வேற வேலை இல்ல என்று விரட்டினேன். அடுத்த ஞாயிறும் மூடி நிற்கவில்லை. உன் அப்பா உள்ளங்கையால் சீட்டுகளை அமுக்கித் திருகி மூடிவிட்டு, நம்ம வீட்டுக்கு நன்மை ஜாஸ்தி, வேறென்ன என்று சிரித்தார், சிரிப்பு பாதியில் இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் பட்டறைக்குப் போனபின் திறந்துவிட்டேன். திறந்தது நான்தான், உன் தங்கை இல்லை.

முதலில் கையில் வந்தவை எங்களுடைய சீட்டுகள், அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி வாசித்தேன். மார்ச்சில் நான் எழுதியது, உன் அப்பாவின் தொப்பை கரைந்துவிட்டது, ஸ்தோத்திரம். ஏப்ரலில், கல்லுக்கு மெருகு போடும் தூசி வேலையை விட்டு அவரைப் பட்டறை வாசலில் உட்காரவைத்துவிட்டார்கள், உடம்புக்கு ஓய்வு, ஸ்தோத்திரம். மே மாதம் உன் தங்கை, அப்பா சனிக்கிழமை பாடகர் குழுவுக்குப் போகாமல் என்னோடு இருக்கிறார், ஸ்தோத்திரம். மகனே, அந்த மனிதரைத் தின்றுகொண்டிருந்த ஒன்றுக்கு நாங்கள் வாராவாரம் நன்றி எழுதி மடித்துப் போட்டிருக்கிறோம். ஜெபத்தில் பாட்டெடுப்பவர் அவர்தானே, இப்போதெல்லாம் முதல் அடியோடு குரல் நின்றுவிடுகிறது, அப்புறம் உதடு மட்டும் அசைகிறது. கேட்டால், சளி, வேற ஒண்ணுமில்ல, நீ பெருசாக்காத என்கிறார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார். பியூஸ் போனால் என்ன செய்வது, தண்ணீரை எங்கே அடைப்பது என்று எனக்கு மூன்று முறை காட்டிவிட்டார்.

மீதி எண்பத்துச் சொச்சமும் அவர் எழுத்து, ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் இன்னும் வராத தேதி. மகள் பள்ளி இறுதித் தேர்வில் தேறினாள், ஸ்தோத்திரம், அது அடுத்த வருஷம் மே. மகனுக்குக் கல்யாணம், மழை வரவில்லை, ஸ்தோத்திரம். பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம், தண்ணீர் பட்டதும் அலறியது, நல்ல குரல், பாடகர் குழுவில் சேர்க்கவும். இதற்கு உன் தங்கை சிரித்தாள், அடுத்ததைப் பிரித்ததும் என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அவள் தனியாக ஆலயத்துக்குப் போகப் பழகிவிட்டாள், ஸ்தோத்திரம். அவள் என்றது என்னைத்தான், தேதி வருகிற பிப்ரவரி. அதற்குப் பிந்திய எந்தச் சீட்டிலும் அவர் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பட்டறை மேஸ்திரியை வாசலில் நிறுத்திக் கேட்டேன். தன் செருப்பையே பார்த்துக்கொண்டு, மார்ச்சிலயே நெஞ்சுப் படம் எடுத்தாச்சுக்கா, ரெண்டு பக்கமும் தூசி இறங்கிடுச்சு, வீட்டுல சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார் என்றார். நடக்காததற்கு முன்னாலேயே நன்றி சொல்வது விசுவாசமா, விடைபெறுவதா அம்மா என்று உன் தங்கை கேட்கிறாள். அந்தக் கேள்வியையும் எழுது என்றேன்.

அவரிடம் இந்தச் சீட்டுகளைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்கே உனக்குப் போன் செய்து, ஒண்ணுமில்லப்பா, லீவைக் கெடுத்துக்காத, வருஷக் கடைசிக்கு வந்தாப் போதும் என்பார், நீயும் நம்பிவிடுவாய். அதனால்தான் கடிதம். டிசம்பர்வரை காத்திருக்காதே. அவரிடம் சொல்லிக்கொண்டு வராதே, லீவு மிச்சமிருந்தது என்று சொல். வந்ததும் மெலிந்துவிட்டீர்களே என்று வாய் விட்டுவிடாதே, உன் முகம் எதையும் மறைக்காது, வழியிலேயே பழகிக்கொள். வேளைக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே, பயணம் முழுவதும் ஆண்டவர் கை உன்மேல் இருக்கட்டும்.

சீட்டுகளை இருந்தபடியே மடித்துப் போட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் திருப்பிப் போடவில்லை, இந்த உறைக்குள் இருக்கிறது, தொலைத்துவிடாதே. மகன் வந்தான், என்னால் பேச முடிகிறபோதே வந்துவிட்டான், ஸ்தோத்திரம் என்று எழுதியிருக்கிறார். மற்ற எல்லாவற்றிலும் தேதி போட்டவர் இதில் போடவில்லை, பேனாவை வைத்து அழுத்திய ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. தேதியை நீ போட்டு, கையோடு கொண்டுவா.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா

எழுதியது தங்கை. ஒரு சொல்லும் அழகுபடுத்தவில்லை, அண்ணா.