பதினாறு வரையாடுகள்

தாம்பரம்,
வெள்ளி மாலை

அன்புள்ள பஷீரா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? வால்பாறையில் மழை விட்டதா?

கையெழுத்து கிறுக்கலாக இருக்கிறதே என்று பயப்படாதே, கோபத்தில் எழுதுகிறேன். நம் மலையின் வரையாட்டுக் கணக்கெடுப்புத் தாள்களை இந்த அலுவலகத்தில் நான்தான் சரிபார்க்கிறேன். எதுவும் விடுபடக்கூடாது என்று ஒரே பாறையை இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பார்த்து எழுதின. இரண்டு தாளிலும் பதினாறு. இரண்டிலும் அதே கொம்பொடிந்த கிடா. மேலாளர் ஜெபின் இரண்டையும் கூட்டி முப்பத்திரண்டு ஆக்கிவிட்டார்.

“அதே ஆடுகள்தான் சார்” என்றேன்.

“இன்னா சார், ஆடு வந்து உங்களைக் கேக்கப்போவுதா? நம்பர் ஏறினா எல்லாருக்கும் சந்தோஷம். கையெழுத்தைப் போடுங்க” என்று சிரித்தார்.

ஆடுகள் பெருகிவிட்டன என்று காவலை விலக்கினால் வேட்டைக்காரர்கள் வருவார்கள். அதைச் சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் அதிகமாக வந்தது. மூன்று முறை சரிபார்த்தபின், முப்பத்திரண்டை அடித்துப் பதினாறு என்று எழுதிக் கையெழுத்திட்டு, அவர் மேசையில் வைத்துவிட்டேன்.

பல்லாவரம் சந்தைத் தூளில் காரமில்லை என்று உன் மிளகாய்த்தூளைக் கேட்டிருந்தேனே, நான் மறுபடி எழுதும்வரை அனுப்பாதே. திங்களன்று தாளைப் பார்த்ததும் அவர் என்னையே ஊருக்கு அனுப்பிவிடலாம். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
ஹனீஃபா