எதை முதலில் எடுப்பது

எப்போது கூப்பிட்டாலும் "இன்னாடா" என்று திரும்பிப் பார்க்கும் என் தேவகி அக்காவுக்கு,

உன் கம்ப்யூட்டர் இப்போது சட்டென்று திறந்துகொள்கிறது. சுவிட்சைத் தட்டிவிட்டு நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்துவிடுகிறது. முன்பெல்லாம் அதைப் போட்டுவிட்டு, மெஷின் ஓட்டுகிற நம் வேலு டீ குடிக்கப் போவான். திரும்பி வரும்போதும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இப்போது அவனுக்கு அந்த டீ போய்விட்டது. இதைக் கேட்டால் நீ சிரிப்பாய். ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. நடந்தது முழுவதையும் நீ கேட்க வேண்டும்.

ஒரகடத்தில் நீ ஆரம்பித்த பட்டறை அப்படியேதான் இருக்கிறது. அதே மூன்று மெஷின்கள், கார் கம்பெனிக்கு உதிரிபாகம் கடைகிற அதே வேலை. ஒவ்வொரு பாகத்தையும் மெஷின் எப்படி வெட்ட வேண்டும் என்கிற புரோகிராம் எல்லாம் நீ உட்கார்ந்து எழுதியதுதானே. மெஷினுக்குள் ஒன்றிரண்டுதான் நிற்கும். பாகம் மாறும்போதெல்லாம் உன் கம்ப்யூட்டரிலிருந்துதான் அனுப்பியாக வேண்டும். நீ இல்லாத இந்த ஒரு வருஷமும் நாங்கள் சாப்பிட்டது நீ எழுதி வைத்துவிட்டுப் போனதைத்தான்.

கம்பெனி ஒரு புது மாடலுக்கு ஆர்டர் கொடுத்தது. அதன் வரைபடத்தைத் திறந்தாலே பழைய ஹார்டு டிஸ்க் திணறியது. டிஸ்க்கில் இடமும் இல்லை. இடத்தை நிரப்பியதும் நீதான். போனில் இடம் தீர்ந்துபோகும் போதெல்லாம் வீடியோக்களை இங்கே கொட்டிவிட்டு, போனில் அழித்துவிடுவாய். அந்த ஃபோல்டருக்கு "போன் ஃபுல்" என்று பெயரும் வைத்தாய். நீ போன பிறகு நாங்கள் யாருமே அதைத் திறக்கவில்லை. அது அங்கே இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

வேறு நகல் எதுவும் கிடையாது. இன்னொரு டிஸ்க் வாங்கிப் போட்டுவைக்க வேண்டும் என்று நீயும் சொல்லிக்கொண்டிருந்தாய், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அதற்கப்புறம் யாருக்கு அது ஞாபகம் வரும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாலாஜாபாத்திலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் சலீமை வரச் சொல்லியிருந்தேன். பழைய டிஸ்க்குக்குப் பதிலாகப் போட, எஸ்.எஸ்.டி. என்கிற புது மாதிரி டிஸ்க்கில் பெரியதாக ஒன்று வாங்கி வந்திருந்தான். இனி பத்து வருஷத்துக்கு இடம் போதவில்லை என்ற பேச்சே வராது என்றான். மறுநாளைக்கு மெஷினைத் தயார் செய்ய வந்திருந்த வேலு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா பாய், சீட்டுக்கட்டு மாதிரி கீது. உள்ள எதுனா கீதா இல்ல காலியா?"

"சுத்துற பார்ட்டே கெடையாதுப்பா. அதான் வெயிட்டு இல்ல, சத்தமும் இல்ல."

உன் மகளும் வந்திருந்தாள். காலேஜில் இரண்டாம் வருஷம் போய்விட்டாள் நிவேதா. மச்சான் கம்பெனி பஸ் ஓட்டப் போய்விட்டதால் என்னோடு வண்டியில் ஏறிக்கொண்டாள். "அம்மா ஃபோல்டர் பத்திரமா மாறுதான்னு பாக்கணும் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதற்கு நகல் எடுக்கும் வேலையைச் சலீம் ஓடவிட்டான். திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. நாங்கள் புது ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து டக்கென்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல் விடாமல் கேட்க ஆரம்பித்தது. பச்சைக் கோடு நின்றுவிட்டது.

சலீம் குனிந்து ஒயரைப் பிடுங்கினான்.

"டிஸ்க் சாவுதுணா" என்றான். "எத்தினி நாளா இப்டி இருந்திச்சோ. மொத்தமா படிக்கச் சொன்னதும் தாங்கல."

"இப்ப இன்னா பண்றது?"

"ரெண்டு வழி கீது. இத தொடாம சென்னைக்கு எடுத்துனு போயி, கெட்டுப்போன டிஸ்க்க தொறந்து எடுத்துக் குடுக்கற லேப்ல குடுக்கலாம். வாரக்கணக்குல ஆவும், வரும்னு கேரண்டியும் கெடையாது. இல்லன்னா, உயிர் இருக்கறவரைக்கும் முக்கியமானத மட்டும் உருவிப் பாக்கலாம். ஆனா அதுலயே மொத்தமா போயிடலாம்."

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனியிலிருந்து போன். "நாளைக்கு செகண்ட் ஷிஃப்டுக்கு பார்ட்ஸ் வந்துடும்ல சார்? எங்க லைன் நிக்கக் கூடாது." வந்துடும் சார் என்று சொல்லி வைத்தேன். அக்கா, அவர்களுடைய லைன் நம்மால் ஒரு தடவை நின்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அடுத்த ஆர்டர் சுங்குவார்சத்திரம் பக்கம் வேறு பட்டறைக்குப் போய்விடும். நம்மிடம் வேலை செய்கிறவர்கள் மறுபடி காண்டிராக்டர் வாசலில் போய் நிற்பார்கள். லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வழியில்லை.

"உருவிப் பாரு" என்றேன்.

"எத மொதல்ல எடுக்கட்டும்?" என்றான் சலீம். "புரோகிராமெல்லாம் சின்னச் சின்ன ஃபைலு. டிஸ்க் பூரா செதறி கெடக்கு. அத எடுக்கறதுக்கு இது ரொம்ப அலையணும். அந்த அலைச்சல்லயே செத்தாலும் சாவும். வீடியோல்லாம் பெருசு, ஆனா ஒண்ணா கீது. ரெண்டும் கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் நிவேதா சொன்னாள்: "அம்மா ஃபோல்டர் எடுங்க."

"பாப்பா, நாளைக்கு காலையில..."

"புரோகிராம மறுபடி எழுதலாம் மாமா. நீங்க உக்காந்து எழுதுங்க, ஆள் வெச்சி எழுதுங்க, ஒரு மாசமோ ரெண்டு மாசமோ ஆவட்டும். அம்மாவ மறுபடி எழுத முடியுமா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வேலு என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. மெஷின் துடைக்கிற துணியைக் கையில் சுற்றிக்கொண்டே வெளியே போய் நின்றான். அவனுக்கு முன்னால் அவன் பிழைப்பை எடைபோட நாங்கள் கூச்சப்படக் கூடாது என்று நினைத்திருப்பான்.

கடைசியில், "சரி, நீயே சொல்லு. நீ சொல்றதையே செய்யறேன்" என்றேன்.

அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "என் தலையில போடாதீங்க மாமா. நான் என் அம்மாவ கேக்கறேன். பட்டறைய பாக்கறவர் நீங்க. நீங்கதான் சொல்லணும்."

அது சரிதான். பதினெட்டு வயசுப் பெண்ணின் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன், அவள் விலகிக்கொண்டாள். நீ அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு வேண்டிய பதிலை உன் குரலில் நானே சொல்லிக்கொள்வேன் என்று பட்டது. அதனால் உன்னைக் கேட்கவில்லை அக்கா.

"புரோகிராம எடு பாய்" என்றேன்.

நிவேதா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அட்டைப்பெட்டி மேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

சலீம் பழைய டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினான். ஃபைல்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. கொஞ்ச நேரம் ஒழுங்காக வரும். திடீரென்று சத்தம் எழும்பும், எல்லாம் உறைந்துவிடும். உடனே நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி போடுவான். ஒவ்வொரு தடவையும் அது மறுபடி சுற்றுமா சுற்றாதா என்று தெரியாமல் நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதியச் சாப்பாட்டைப் பிரிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. வெளியே கம்பெனி பஸ்கள் அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தன.

கடைசியில் சலீம் முதுகை நிமிர்த்தினான். "ஓரளவுக்கு எல்லாம் வந்திச்சிணா. நாலஞ்சி ஃபைலு படிக்கல. அதெல்லாம் பழைய மாடலு போல."

"அந்த ஃபோல்டர்?"

"பாக்கலாம்" என்றான்.

நிவேதா எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றாள். "போன் ஃபுல்" திறந்தது. வரிசை வரிசையாகப் பெயர்கள். எல்லாம் தேதியும் எண்களும்தான், எது என்ன என்று தெரியவில்லை. முதல் வீடியோ வந்தது. இரண்டாவது வந்தது. அவள் கை என் முழங்கையைப் பிடித்ததை அவளே கவனிக்கவில்லை. இன்னும் சில வந்தன. அடுத்தது பாதி தூரம் போனபோது, டிஸ்க் ஒரு தடவை கீச்சென்று இழுத்து, நின்றுவிட்டது.

சலீம் ஆறவிட்டான். ஒயரை மாற்றினான். வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். அப்படி ஒரு டிஸ்க் இருப்பதாகவே எதுவும் காட்டவில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

வந்த வீடியோக்கள் என்னென்ன தெரியுமா? கம்ப்ரஸரில் காற்று கசிவதை சர்வீஸ்காரனுக்கு அனுப்ப நீ எடுத்தது. மெஷின் போர்டில் எரர் காட்டியதை எடுத்தது. ஷெட்டில் மழை ஒழுகியதை இடத்தை வாடகைக்கு விட்டவருக்குக் காட்ட எடுத்தது. எல்லாம் பட்டறை சமாச்சாரம். பொங்கலும், நிவேதாவின் பள்ளிக்கூட விழாவும், நாம் எல்லோரும் வேனில் போய் வந்ததும் அந்தப் பக்கமே தங்கிவிட்டன.

கம்ப்ரஸர் வீடியோவை அவள் அங்கேயே போட்டாள். உன் முகம் இல்லை, குரல் மட்டும். "இங்க பாரு தம்பி, இந்த ஜாயிண்ட்லதான் லீக்கு. கை வெச்சா தெரியுது. போன தடவ நீ மாத்துனது இதான்." சர்வீஸ்காரனைத் திட்டாமல் திட்டுகிற அதே குரல். வேலு வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வீடியோ முடிந்ததும் அவள் மறுபடி போட்டாள். மறுபடியும். பிறகு செத்துப்போன டிஸ்க்கை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, "வூட்டுக்கு போலாம்" என்றாள். சேரப்பணஞ்சேரியில் வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் ஓடியது. லோடு நேரத்துக்குப் போனது. நான் வேலுவிடம், "நான் பண்ணது தப்பாடா?" என்று கேட்டேன்.

"அது எனக்கு தெரியாதுணா" என்றான். "எம்மேல பாரத்த போடாத. நான் வேலைக்கு வந்துகீறேன், அவ்ளோதான் எனக்கு தெரியும்." மெஷினைத் துடைத்தபடியே, "அக்கா கொரல கேட்டு ஒரு வருஷமாச்சி. ராத்திரி பூரா அதான் காதுல" என்றான்.

நிவேதா தானே சென்னைக்குப் போய் டிஸ்க்கை லேபில் கொடுத்தாள். என்னைக் கூப்பிடவில்லை. எத்தனையோ நாள் கழித்து, உள்ளே தகடே கீறிப்போய்விட்டது, எதுவும் எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதையும் மச்சான் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மொதல்லயே குடுத்திருந்தா வந்திருக்குமாம் என்று சேர்த்துச் சொன்னார். என்மேல் குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் சொன்னதைச் சொன்னார். எனக்கு அது முள்ளாகத் தங்கிவிட்டது.

போன சனிக்கிழமை அவளாகவே பட்டறைக்கு வந்தாள். கையில் இன்னொரு எஸ்.எஸ்.டி. வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் இருப்பது எல்லாவற்றுக்கும் வாரா வாரம் நகல் எடுத்து வீட்டில் வைக்கப் போவதாகச் சொன்னாள். நாற்காலியை அவளுக்கு விட்டு எழுந்தேன்.

"இப்பவும் நானா இருந்தா வீடியோவதான் எடுத்திருப்பேன் மாமா" என்றாள், திரையைப் பார்த்தபடியே.

"தெரியும் பாப்பா."

"உங்ககிட்ட பேசாம இருந்து பாத்தேன். முடியல."

சொந்தக்காரர்களுக்கு நீ அனுப்பிய வீடியோக்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறாளாம். பெரியம்மா வீட்டுப் போனில் இரண்டு கிடைத்திருக்கிறது. என் போனையும் கேட்டாள். கொடுத்தேன். நீ எனக்கு அனுப்பியதெல்லாம் "எங்கடா இருக்க, சீக்கிரம் வா" என்கிற சின்னச் சின்ன வாய்ஸ் மெசேஜ்கள்தான். ஒன்றைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டாள்.

நான் செய்தது சரியா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. நீ மன்னிப்பாய் என்று நானாக முடிவு செய்துகொள்ளவும் மாட்டேன். ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன் பட்டறையையும் உன் மகளையும் எதிரெதிரே வைத்து, எது முதலில் என்று யாரும் கேட்கிற நிலைமையை நான் இருக்கும்வரை இன்னொரு தடவை வரவிட மாட்டேன்.

அவளைப் பார்த்துக்கொண்டும், அவளுக்குப் பயந்துகொண்டும்,
உன் தம்பி
கோபி