நேர்ந்துகொண்டது நீ, நான் இல்லை

அம்மா,

இன்று காலை என் லீக்ஸ் பாத்தியில் ஓர் ஆடு நின்றது. கொம்பில் மஞ்சள் துணி, கழுத்தில் வாடிப்போன செவ்வந்தி மாலை. இப்போதுதான் தலைதூக்கிய லீக்ஸை வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. கல்லை எடுத்து ஓங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் ஓடி வந்தார்.

"ஐயோ அடிச்சிறாதீங்க டீச்சர்! முனியாண்டிக்கு நேந்து விட்டதுங்க. திருவிழா வரைக்கும் அது இஷ்டம்தான்."

கல்லைக் கீழே போட்டேன். ஆடு என்னைப் பார்த்தபடியே மென்றது. செவ்வந்தி வாசமும் ஆட்டு வாடையும் கலந்து மூக்கில் ஏறின. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, ராகலை பஸ் போய்விடும், ஆனாலும் கால் நகரவில்லை. நீ போய் இத்தனை வருடம் கழித்து, ஓர் ஆட்டைப் பார்த்ததும் உன்னோடு சண்டை போட வேண்டும்போல் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நானும் நேர்ந்து விட்ட பிள்ளைதானே.

நீ சொன்ன கதை எனக்கு மனப்பாடம். நான் கைக்குழந்தை. நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கிறது. வெளியே அடைமழை. தேயிலைத் தோட்டத்து லொறி பழுதாகிக் கிடந்ததால் என்னைக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு டிக்கோயா ஆசுபத்திரிக்கு நடந்தாய். வழியில் மாதா சொரூபத்தின் முன் சேற்றில் முழங்காலிட்டு, "இந்தப் புள்ளைய எனக்குக் குடுத்துட்டீங்கன்னா, வளத்து உங்களுக்கே குடுத்துர்றேன்" என்றாய். நான் பிழைத்தேன். ஆகையால் வளர்ந்ததும் கன்னியர் மடத்துக்குப் போய் சிஸ்டராக வேண்டும். இதற்குச் சாட்சி நீயும் மாதாவும் மட்டும்.

அந்தச் சாட்சிகள் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது எப்போது தெரியுமா? அந்த நேர்ச்சை உனக்குத் தேவைப்படும்போது மட்டுமே வெளியே வருவதைக் கவனித்தபோது. ஓ.எல். பரீட்சை எழுதி முடித்ததும் அப்பா என்னைத் தோட்டத்தில் பேர் பதியச் சொன்னார். பேர் பதிந்தால் விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் போய் நிற்க வேண்டும், கங்காணி காட்டுகிற மலையில் ஏறிக் கொழுந்து பறிக்க வேண்டும், பிறகு ஆயுசு பூராவும் அதுதான். நீ அடுப்பிலிருந்து திரும்பாமலே, "அது சாமிக்குக் குடுத்த புள்ள. கூடை மாட்டுனா மாதா கேப்பாங்க. நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்றாய். அப்பா வாயை மூடிக்கொண்டார். கங்காணி வந்து விசாரித்தபோதும் அதே பேச்சு. மாமா தன் மகனுக்குப் பெண் கேட்டு வாழைப்பழச் சீப்போடு வந்தபோதும் அதே பேச்சு. பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாய்.

என் வயதுப் பிள்ளைகள் கொழுந்துக்குப் போன நேரத்தில் நான் ஹட்டனுக்கு, ஏ.எல். வகுப்புக்கு, பஸ்ஸில் போனேன். "நேந்து விட்ட கெடா போகுது பாரு" என்று பின்னாலிருந்து சிரிப்பார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. உன்னை நினைத்து உள்ளுக்குள் மெச்சிக்கொண்டுதான் போவேன். அப்பாவையும் கங்காணியையும் அடக்க அவர்களைவிடப் பெரிய ஆள் ஒருவர் வேண்டும். நீ மாதாவைக் கூட்டி வந்துவிட்டாய். நேர்ச்சையாவது மண்ணாவது, என்னைப் படிக்க வைக்க நீ கட்டிய கதை என்று முடிவே செய்திருந்தேன்.

ஆனால் ஏ.எல். முடிந்ததும் நீ நிஜமாகவே என்னை மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். பெட்டியில் என் உடுப்பை மடித்து வைத்தபோது உன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். கட்டுக்கதைக்கு யாராவது பெட்டி கட்டுவார்களா?

மடத்துச் சிஸ்டர் நல்லவர். பிளேன்டீ கொடுத்தார், மழையில் நனைந்த உன் தலையைத் துவட்டத் துவாய் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சொந்த விருப்பத்தோடதான் வந்தியா மகள்? கடவுள் யாரையும் கட்டாயப்படுத்துறதில்ல. நமக்குச் சுயசித்தம் குடுத்திருக்கார்."

அந்தப் பேச்சை நான் நம்பவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்கள் அதைக் கேட்டுப் புளித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு, "விருப்பமானவங்க வாங்க, கட்டாயம் இல்ல" என்பார் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா. வராதவர்களுக்குத் திங்கட்கிழமை எந்த மலை கிடைக்கும்? அட்டை மொய்க்கிற, கொழுந்தே இல்லாத, செங்குத்து மலை. கோயில் பிரசங்கத்திலும் அதே மாதிரிதான் எனக்குக் கேட்டது. நீ சுதந்திரமானவள், எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடு, தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நரகம். இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? கட்டாயம் இல்லை என்கிற ஆளின் முதுகுக்குப் பின்னால் பிரம்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த பக்தி.

அதனால் நான் சிஸ்டரைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். நீ கண்ணைக் காட்டினால் ஆமாம் என்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். நீ முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாய்.

"அவகிட்டயே கேளுங்க சிஸ்டர். நேந்துக்கிட்டது நானு. அவ இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை யாரும் என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததில்லை. "விருப்பம் இல்ல சிஸ்டர்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது நான் என்பதே தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து, பெட்டியோடு திருப்பி அனுப்பினார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாதா கோவிச்சுக்குவாங்களாம்மா? எனக்கு ஏதாச்சும் ஆயிருமா?"

"ஒனக்கு ஏன் ஆகுது? வாக்குக் குடுத்த வாய் என்னோடது. நான் பாத்துக்கிறேன், நீ பேசாம வா."

மறுநாளிலிருந்து நீ செருப்புப் போடவில்லை. அப்பா கேட்டதற்குக் கடிக்குது என்றாய். மழையில், அட்டைக்குள், தேயிலையைக் கவ்வாத்து வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சி குத்துகிற மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்கினாய். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலை கிடைத்து, முதல் வேலையாக உனக்கு நல்ல தோல் செருப்பு வாங்கி வந்தேன். எடுத்து முகர்ந்து பார்த்தாய், உள்ளங்கையால் தடவினாய், லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாய். எப்படிக் கத்தினேன் அன்று!

"யாரு சொல்லி இப்பிடிச் செய்யிற? சாமியார் சொன்னாரா?"

"யாரும் சொல்லல."

"அப்ப எதுக்கு?"

"சொன்னாத்தான் செய்யணுமா எல்லாத்தையும்?"

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவே இல்லை. சொல்லிச் செய்தால் சொன்ன ஆளோடு சண்டை பிடிக்கலாம். தானாகச் செய்கிறவளை என்ன செய்வது?

பிறகு உனக்குச் சீனி வியாதி வந்தது. மிலாறு குத்திய புண் ஆறவில்லை, விரல் கறுத்தது, கறுப்பு மேலே ஏறியது. டிக்கோயா ஆசுபத்திரிக் கட்டிலில் நீ காலை நீட்டிப் படுத்திருந்த மத்தியானத்தில்தான் நான் நேராகவே கேட்டேன்.

"உண்மையச் சொல்லும்மா. நெசமாவே நேந்துக்கிட்டியா? இல்ல எனக்காகக் கட்டுன கதையா?"

நீ சிரித்தாய். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற சிரிப்பு அது. "அது எனக்கும் மாதாவுக்கும் உள்ளது. நீ ஏன் ஊடால வர்ற?" என்றாய். கதை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நீ சொல்லவில்லை. கொஞ்ச நாளில் போய்விட்டாய்.

உன் அடக்கத்துக்கு வந்த பெண்கள் தணிந்த குரலில்தான் பேசினார்கள், ஆனால் எனக்குக் கேட்கும்படி. "நேந்தத குடுக்காம விட்டா சாமி சும்மா விடுமா? புள்ளைக்கு வர வேண்டியது தாயிக்குப் போயிருச்சு." எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றார் கோயில் உபதேசியார். அந்தப் பெண்கள் சொன்னதுதான் நியாயம் என்றால், மடத்தில் நான் சொன்ன அந்த ஒரே வார்த்தை உன்னைக் கொன்றிருக்கிறது. உன் விருப்பத்தைச் சொல் என்று கடவுளே சுதந்திரம் கொடுத்துவிட்டு, பதில் பிடிக்காததால் உன் காலைப் பிடித்திருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு எப்படி உயிரோடு இருப்பது? அதனால் பழைய சந்தேகத்தையே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நேர்ச்சை பொய். நேர்ச்சை பொய்யானால் தண்டனையும் பொய். புண்ணும் சீனியும்தான் உன்னைக் கொண்டுபோயின. உன்னைப் பொய்க்காரி ஆக்கி, நானும் தப்பித்தேன், கடவுளையும் தப்பவிட்டேன்.

போன மழைக்காலத்தில் என் மகளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. உன் பேத்திக்கு என் நெஞ்சு. நுவரெலியா ஆசுபத்திரியில் அவளுக்கு மூச்சு இழுத்தது. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு டொக்டர் உள்ளே போனார். நான் வெளியே, பகல் வெளிச்சத்தில், சுவரோரமாக நின்றேன். அங்கே சொரூபம் எதுவும் இல்லை. செபம் செய்யும் எண்ணமும் இல்லை. ஆனால் என் வாய் தானாகத் திறந்தது. "இவளை எனக்குக் குடுத்துட்டீங்கன்னா..." வரை வந்துவிட்டது அம்மா! இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன். நான் வாந்தி எடுக்கப் போகிறேன் என்று நினைத்து நர்ஸ் ஓடிப்போய் ஒரு பேசினைக் கொண்டுவந்து நீட்டினார்.

அந்தப் பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்குத் தெரிந்துவிட்டது, நீ பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில் நிற்கிற தாய் கதை கட்டுவதில்லை. கையில் எது இருக்கிறதோ அதை நீட்டிவிடுவாள். உன் கையில் நான்தான் இருந்தேன். அதையும் பின்னால் நீயே தப்பென்று கண்டுகொண்டு, என்னை விட்டுவிட்டு உன் காலை நீட்டினாய். நான் மிச்ச வாக்கியத்தை விழுங்கிவிட்டேன். மகளையும் நேரவில்லை, என்னையும் நேரவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள். இப்போது வீட்டில் எவர் சொல்லையும் கேட்காமல் திரிகிறாள், உனக்குப் பிடித்திருக்கும்.

உன் மேல் இருந்த சந்தேகம் அன்றோடு தீர்ந்தது. பொய்க்காரி என்று நினைத்ததற்காக அழுதேன். ஆனால் அது தீர்ந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. எதையும் கொடுக்கிறேன் என்று சொல்லாத எனக்கு, கடவுள் என் பிள்ளையைச் சும்மா கொடுத்தார். அப்படியானால் உன்னிடம் மட்டும் ஏன் வாங்கினார்? ஒன்று, அவர் ஆளுக்கொரு நியாயம் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால், உன்னிடம் அவர் எதையுமே கேட்டிருக்க மாட்டார். நீயாகத்தான் கொடுத்திருக்கிறாய், அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எது உண்மை என்று தெரிந்தால்தான் எனக்கு ஆறும்.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன் என்று சாமியார் என்னை மெச்சுகிறார். நான் எதற்குப் போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. எல்லோரும் முழங்காலிடும்போது நானும் முழங்காலிடுகிறேன். கண்ணை மட்டும் மூடுவதில்லை. பீடத்தை நேராகப் பார்த்து, உதடு அசையாமல், ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன்:

"எங்கம்மா வெறுங்காலோட மலை ஏறுனப்ப, 'போதும், செருப்பப் போட்டுக்கம்மா'ன்னு நீங்க ஏன் சொல்லல?"