கூரைக்குள் உறுமல்

என்னங்க, செருப்பை மாட்டிக்கொண்டே எழுதுகிறேன். ஏசி குழாய் ஓடும் பொய்க்கூரையைப் பிரிக்க மெக்கானிக் ஏணியோடு வருகிறார், போனை எடுக்கவில்லை. வந்தால் உள்ளே விடாதீர்கள்!

புது ஏசி உறுமுகிறது என்றதற்கு, "எல்லாம் உன் பிரமைடி" என்று கோபித்துக்கொண்டு ஹால் சோபாவுக்குப் போனீர்களே, அன்றிலிருந்து சத்தம் இரண்டு மடங்கு. மெக்கானிக்கும் ஏசிக்கு அடியில் ரப்பர் வைத்தார், காற்றுக்குழாய்க்குப் பஞ்சு சுற்றினார். ம்ஹூம்!

நேற்று ஏசியையே அணைத்தேன். அப்போதும் உறுமியது.

சாப்பாடு மேசையில். மூடி வையுங்கள், சொன்னால்தானே செய்வீர்கள்.

பி.கு: சோபாவுக்கு நேர் மேலேதான் ஏசி காற்றை உள்ளிழுக்கும் சல்லடை. அதில் ஏறி, குழாய் வழியாக என் தலைமாட்டுக்கு வருவது உங்கள் குறட்டை. இன்று உள்ளேயே வந்து படுத்துத் தொலையுங்கள். பக்கத்தில் இருந்தால் விலாவில் இடிக்கவாவது முடியும்.