நாற்காலியில் தொழுத மொராக்கோக்காரர்

வெள்ளிக்கிழமை இரவு.

உள்ளங்களை அறிந்தவனே, உன் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

இன்று இந்த வளைகுடா நகரின் சத்வா பள்ளிவாசலில், முதியோருக்கான நாற்காலியில் அமர்ந்து தொழுத திடகாத்திரமான ஒருவரை, "இந்த வயதில் நாற்காலியா?" என்று பலர் முன்னிலையில் அரபியில் கடிந்துகொண்டேன். அவர் புன்னகைத்து எழுந்து, காலை இழுத்தபடி வெளியேறினார்.

"என்ன காக்கா, அவரத் தெரியலையா?" என்றார், என்னை அண்ணன் முறை வைத்து அழைக்கும் கடைக்காரர் காசிம். "மொராக்கோ ஃபுட்பால் டீம்ல மிட்ஃபீல்டரா இருந்தவரு. ஆடி ஆடி ரெண்டு முழங்காலும் கலாஸ், முடிஞ்சுபோச்சு."

விரைந்து சென்று மன்னிப்புக் கேட்டேன்.

"கோல் அடித்தவர்கள் புல்லில் சுஜூது செய்வார்கள், ஹாஜி. பந்தைக் கொடுத்த நானும் அவர்கள் பக்கத்தில் நெற்றி வைப்பேன். இப்போது தரை எட்டவில்லை," என்றார்.

இரவு இஷாத் தொழுகையில், தரையில் வைத்த நெற்றியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இறைவா, அவருக்கும் அவர் இல்லத்தாருக்கும் அமைதி அருள்வாய்.