பன்னிரண்டாவது வில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன வாரம் இந்த வார்த்தையை எழுத முடிந்திருக்காது, அதனால்தான் கடிதமே எழுதவில்லை.

இவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றேனே, அதன் பிறகு தையலில் சீழ் வைத்துவிட்டது. காய்ச்சல் நூற்று மூன்று. இரண்டு மருந்து மாற்றியும் இறங்கவில்லை.

எங்கள் லேபுக்குச் சீழ் மாதிரிகள் பெயரில்லாமல் வெறும் நம்பரோடு வரும். கிருமியைத் தட்டில் பூசி, மேலே பொட்டுப் பொட்டாக மருந்து வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வெற்று வட்டம் விழும். புதன்கிழமை ஒரு தட்டில் பதினொரு வில்லை, ஒரு வட்டம்கூட இல்லை. கிருமிகள் வில்லையில் சாய்ந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசாத குறை. என் வாய் சும்மா இருக்குமா? இந்தப் புண்ணியவான் வீட்டில் எவளோ மாத்திரையைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை டப்பாவில் சேர்த்து, தும்மினவனுக்கெல்லாம் இரண்டு கொடுக்கிறாள் என்று லேபே கேட்கிற மாதிரி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். இவருடையது மறுநாள்தான் வரும் என்று நினைத்திருந்தேன். பதிவேட்டில் நம்பரைப் பார்த்தால், இவர்.

அந்த 'எவளோ'வை உனக்குத் தெரியும். அவளுடைய பிஸ்கட் டப்பாவையும் தெரியும்.

ஆஸ்பத்திரியிலேயே தொற்றியிருக்கலாம், நீங்களாகப் பழியைத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார் டாக்டர். தலையை ஆட்டினேன். மனசு ஆடவில்லை.

லேப் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் பழைய மருந்து ஒன்றின் வில்லைகள் கிடந்தன. பல வருஷமாக எந்த டாக்டரும் எழுதாத மருந்து. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, அதே கிருமியைப் புதுத் தட்டில் பூசி, பன்னிரண்டாவதாக அதை வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால், அக்கா, முழு நிலா. இருபத்திரண்டு மில்லிமீட்டர். மூன்று தடவை அளந்தேன். 'ஸ்கேல்' என்று பேரெடுத்த எங்கள் சீனியர் அம்மா வாங்கி அளந்து, இருபத்திரண்டரை, கஞ்சத்தனம் பண்ணாதே என்றார்.

அன்றே அந்த ஊசி. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நேற்று சாப்பாட்டில் உப்பில்லை என்று நர்ஸிடம் சண்டையாம். இருபத்தாறு வருஷத்தில் இவர் குறை சொல்லி நான் பூரித்துப் போனது இதுதான் முதல் தடவை. டப்பா விஷயத்தை ஒப்புக்கொண்டேன். தையலைக் கையால் பிடித்துக்கொண்டு, லேபில் என்ன சொன்னாய், இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

டப்பாவை மருந்தகத்தில் ஒப்படைத்துவிட்டேன். ஒன்றுதான் பாக்கி. போன வருஷம் நீ கிளம்பும்போது, ஆத்திர அவசரத்துக்கு ஆகும் என்று உன் பெட்டியில் ஒரு மாத்திரைப் பொட்டலம் திணித்தேனே, அதிலிருந்து யாருக்கும் ஒன்றுகூடக் கொடுக்காதே. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் எழுது. மிச்சத்தை மருந்துக்கடையில் சேர்த்துவிட்டு ஒரு வரி போடு. அந்த வரி வரும்வரை தபால்காரர் முகத்தில்தான் முழிப்பேன்.

நீயும் அத்தானும் பிள்ளைகளும் நூறு வயசு இருக்க வேண்டும். என் கைமருந்து இல்லாமல்.

இப்படிக்கு,
பதவி பறிபோன வீட்டு டாக்டர்,
உன் தங்கை